இங்க மக்கள்

பனி இறங்கும் பிற்பகல்களில் மலையகத்து லிந்துலைப் பள்ளிக்கூடம் மிதப்பதுபோல் இருக்கும். அன்று சரித்திரப் பாடம். சுதர்ஷினி டீச்சர் கரும்பலகையின் நடுவில் கோடு இழுத்தாள். ஒரு பக்கம் மாயர், மறுபக்கம் இன்கா. மாயருக்குக் காடு, இன்காக்களுக்கு மலை. அவர்கள் நாட்களைக் கல்லில் எழுதினார்கள். இவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள், மலையைப் படிப்படியாக வெட்டிக் கிழங்கு போட்டார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு எந்த மலை என்பது இடையில் மறந்துபோனது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவின் கல்கட்டுகள் பனிக்குள் ஏறி மறைந்தன.

இன்று கஜதீபனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவன் கொழும்பு வெள்ளவத்தையில் வேலை, இவள் இங்கே. இப்போது அங்கே வீடு பார்த்துவிட்டான். வருகிறாயா என்று மெதுவாகத்தான் கேட்டான். அதட்டியிருந்தால் மறுத்திருப்பாள். போனால் தன்னில் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைவிடப்பட்ட மாயர் நகரங்களைக் காடு மூடியதைச் சொன்னபோது குரல் தானாகத் தணிந்தது. அதற்குமேல் அவர்களைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இரண்டு நாகரிகங்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். பிரியந்தியின் கொப்பியில் ஒரு வரி அவளை நிறுத்தியது. 'இங்க மக்கள் மலையில் படி வெட்டி வாழ்ந்தார்கள்.'

"இன்கானு எழுதணும். ஏன் இங்கனு எழுதியிருக்க?"

"நீங்க நம்மளத்தான் சொல்றீங்கனு நெனச்சேன் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. பின்வரிசை வாங்கிலிருந்து லக்சனா கேட்டாள்: "அப்ப மாயர் யாருடி? கொழும்புக்குப் போயி மாயமாப் போன ஒன் மாமாவா?"

"அவரு ஒண்ணும் மாயமாப் போகல," என்றாள் பிரியந்தி. "தீவாளிக்கு வந்தாரு. அங்கயும் நம்ம பேச்சுத்தான் பேசுறாராம்."

சுதர்ஷினி சிவப்புப் பேனாவை மூடினாள். மாயரும் மறைந்துவிடவில்லை, நகரங்களைத்தான் விட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் அந்த மொழிகளைப் பேசுகிறார்கள் என்று வகுப்புக்குச் சொன்னாள். எப்போதோ படித்ததுதான். சொல்லச் சொல்ல, ஏதோ தூரத்துச் சொந்தக்காரர்கள் சுகமாக இருக்கும் சேதி கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

பள்ளி விட்டதும் கேட்டருகே நின்று கஜதீபனைப் போனில் அழைத்தாள்.

"வரேங்க," என்றாள். "தீவாளிக்கு மட்டும் இங்க வந்துரணும்."

அவன் சிரித்தான். "கொழும்புக்கு வந்துட்டா அப்புறம் இதுதானே ஒனக்கு 'இங்க'?"

பனிக்குள் ஒரு கல்கட்டு தெரிந்தது, மறைந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"ரெண்டுமே இங்கதாங்க," என்றாள்.