பிஸ்கட்டுக்கு முப்பது டிகிரி

பாம்பைச் சூடாக வைத்திருக்க வயரிங் செய்து தர வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டால், எலக்ட்ரீசியன் மறு பேச்சில்லாமல் போனை வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை. காரணம், கூப்பிட்டவர் லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் நகுலேஸ்வரி அக்கா. அவருடைய தம்பி நித்தியானந்தன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய கடையை எடுத்து, முழுக்கப் புதிதாக வயரிங் செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். "முதல்ல அக்கா வீட்டு வேலையைச் செய்து காட்டுங்கோ, பிறகு பாப்பம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

சுவிஸில் பதினான்கு வருடம் இதே வேலை செய்தவன் நான். லண்டனுக்கு வந்து இரண்டு வருடம்தான். நம் சனத்திடம் சான்றிதழை நீட்டினால் ஒருவரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். "தேவராசா ஆள் எப்பிடி?" என்று இன்னொருவரிடம் கேட்பார்கள். அந்தப் பதிலில்தான் என் பிழைப்பு இருந்தது.

பாம்பு அக்காவின் மகள் கௌசியுடையது. இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் வேலை. கூட வேலை செய்த பெண் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். செம்மஞ்சள் நிறம், அமெரிக்க வகை, விஷமில்லை, பெயர் பிஸ்கட். "கடிக்காது அங்கிள், தொட்டுப் பாருங்கோ" என்றாள். நான் வேலை செய்யத்தான் போனேன், உறவு கொண்டாடப் போகவில்லை.

அவள் செய்து வைத்திருந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதற்கு மேல் ஒரு துவாய். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரில் புதுப் பிளக் வைத்தேன். கண்ணாடித் தொட்டியின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் ஹீட் மேட், மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு. மறுபாதி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், பாம்பு தனக்கு வேண்டிய பக்கம் போகும். ஹீட் மேட்டுக்குத் தானாக நிற்கத் தெரியாது, அதை தெர்மோஸ்டாட்தான் நிறுத்தும். தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் மூடியின் ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். அதன் நுனியை சூடான பக்கத்துத் தரையில் டேப் போட்டு ஒட்டினேன். நுனிக்கு முப்பது டிகிரி பட்டதும் மின்சாரம் நின்றுவிடும். நுனி தொட்டிக்கு வெளியே கிடந்தாலோ அறையின் குளிரைப் பார்த்து, இன்னும் காணாது, இன்னும் காணாது என்று சூடேற்றிக்கொண்டே இருக்கும்.

இதை இரண்டு தரம் சொன்னேன். கௌசிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வாசலில் நின்ற அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "கரண்ட் அடிக்காதே தம்பி?"

"அம்மா, நீங்கள் இதில கை வைச்சால் நான் வேற வீடு பாத்துக்கொண்டு போயிடுவன்" என்றாள் கௌசி. விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் லண்டனில் பஸ் ஓடாத அளவுக்குப் பனி கொட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் ரெடிங் நகரில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போன கௌசி, பனியில் அகப்பட்டு செவ்வாய்க்கிழமைதான் திரும்பினாள். வந்த கையோடு எனக்குப் போன். "அங்கிள், பிஸ்கட் சுட்டுப் போச்சுது" என்பது மட்டும்தான் அந்த அழுகையில் விளங்கியது.

நான் போனபோது பாம்பை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வயிற்றுப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணிறமாக வெந்திருந்தது. "குளிரெண்டால் சூட்டை விட்டு அசையாது அங்கிள். சுடுதெண்டு அதுக்குத் தெரியாது" என்றாள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக டாக்ஸி வந்துகொண்டிருந்தது.

நான் தொட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். வயர் வெளியே கிடந்தது. சும்மா கிடக்கவில்லை, அழகாகச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டு, பனி படிந்த ஜன்னலோரமாக வைக்கப்பட்டிருந்தது. நம் கடைகளில் கறிவேப்பிலைக் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பாண்ட். தொட்டிக்குள் விரித்திருந்த கடதாசியில் வட்டமாக ஒரு காய்ந்த வெள்ளைக் கறை, தேநீர் குடிக்கிற சில்வர் பேணியின் அடியளவு. பால்.

நிமிர்ந்தேன். அக்கா வாசலில் நின்றார். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவ்வளவு பயந்த முகத்தை நான் அகதி முகாமில்கூடப் பார்த்ததில்லை.

"டேப் கழண்டதோ அங்கிள்?"

ரப்பர் பாண்டைக் கழற்றி, கௌசி காணாமல் பொக்கெட்டுக்குள் போட்டேன். "ஓம். நான் சரியா ஒட்டேல்லைப் போல. என்ர பிழைதான்."

நான் தியாகி ஒன்றுமில்லை. வாய் முந்திவிட்டது. என் வீடு போய்ச் சேரும்வரைக்கும் என்னை நானே திட்டிக்கொண்டு வான் ஓட்டினேன்.

பத்து நாளில் நித்தியானந்தனிடமிருந்து போன் வந்தது.

"தேவராசா, குறை நினையாதேங்கோ. கடை வேலையை வேற ஆளுக்குக் குடுக்கப் போறன்."

"ஏன் அண்ணை?"

"கௌசி சொன்னவள். நீங்களே பிழையை ஒப்புக்கொண்டியளாம். ஒரு பாம்புப் பெட்டிக்கே இப்பிடியெண்டால், கடையை எப்பிடி நம்பித் தாறது?"

கௌசிமேல் கோபப்பட வழியில்லை. நான் சொன்னதை நம்பித் தன் மாமாவை எச்சரித்திருக்கிறாள். என் மகளாக இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன். அதனாலேயே எரிச்சல் இரண்டு மடங்காகியது. இந்தப் பேச்சு ஈஸ்ட் ஹாமைத் தாண்டிப் பரவ ஒரு கிழமை போதும்.

நேரே குட்மேய்ஸுக்குப் போனேன். அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ர பேர் போச்சுது."

அவர் கத்தியை வைத்தார். "கௌசிக்கு நாகதோஷமெண்டு சாத்திரியார் சொன்னவர் தம்பி. ரண்டு சம்பந்தம் தட்டிப் போச்சுது. பிறகு தானாகவே ஒரு நாகம் வீட்டுக்கு வந்தால் நான் என்ன நினைக்கிறது? வெள்ளிக்கிழமையில அவள் வேலைக்குப் போனாப்பிறகு பால் வைச்சனான். பால் பட்டால் கரண்ட் அடிக்குமெண்டு வயரை வெளியில எடுத்துக் கட்டுவன், பிறகு உள்ள விடுவன். அண்டைக்கு மறந்து போனன். தோஷம் போக்கப் போய்ப் பாம்பைச் சுட்டிட்டன்."

"பாம்பை மட்டுமோ? என்னையும் சேத்துத்தான் சுட்டுப்போட்டியள்."

சொன்ன பிறகு, கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் திருப்பி எடுக்கவில்லை. உண்மையாகவே கோபமாக இருந்தது.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கௌசி மருந்து பூசும் பஞ்சோடு படியிறங்கி வந்தாள். அக்கா அவளைக் கண்டார். போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நித்தி, தேவராசா தம்பி வேலை சரியாத்தான் செய்தவர். வயரை வெளியில எடுத்தது நான். பால் வைக்கப் போய்ச் சுட்டது நான். எனக்காகப் பொய் சொன்னவர்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசப்பட்டது. அக்கா கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை கடைக்கு வரட்டாம்."

பத்து நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. என் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கௌசி கத்தவில்லை. வீட்டைவிட்டுப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. "அம்மா, பாம்பு பால் குடிக்காது" என்றாள் மெல்ல.

"தெரியும் பிள்ளை. அஞ்சு வெள்ளிக்கிழமை வைச்சனான், ஒருக்காலும் வாய் வைக்கேல்லை. உனக்கு நல்லது நடக்க அதுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு பயந்து, ஒவ்வொரு கிழமையும் இன்னும் கொஞ்சம் சீனி கூடப் போட்டனான்."