நாற்பத்தொரு ஓட்டை

அந்தத் தெருவில் அவரைப் பீரங்கிக்காரர் என்றுதான் அழைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். அத்தனை வருடத்தில் அவர் பீரங்கியைத் தொட்டது ஒரே ஒரு முறை, அதுவும் நனைந்த சட்டையைக் காயப்போட. ராணுவத்தில் அவருக்குச் சமையல் வேலை.

பொய் சொன்னது அவர் இல்லை, அவர் மனைவி. பதினைந்து வருடத்துக்கு முன் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா தன் குடும்பத்தில் யார் யார் என்னென்ன பதவியில் இருக்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் அளந்துவிட்டு, "சம்பந்தி மிலிட்டரில என்னவா இருந்தாரு?" என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"பீரங்கிப் படையில."

வந்தவர் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணம் நடந்தது. பொய் நிலைத்துவிட்டது.

அதனால் மாப்பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மரச்சாமான் கடை வைத்திருந்த அவர், கட்டில் வாங்க வருகிறவர்களிடம்கூட மாமனாரின் பீரங்கியைப் பற்றிச் சொல்லித்தான் கட்டிலின் உறுதியை விளக்குவார். கஷ்டமெல்லாம் பீரங்கிக்காரருக்குத்தான். பீரங்கி சுட்ட கை வெங்காயம் நறுக்கினால் யாருக்காவது சந்தேகம் வந்துவிடும் என்று மனைவி அவரைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. அவள் வைக்கும் சோறு ஒரு நாள் குழைந்து கிடக்கும், மறுநாள் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி விறைத்து நிற்கும். கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே வாசனையை வைத்து, இன்னும் இரண்டு நிமிடத்தில் அடிபிடிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அடிபிடிக்கும். தட்டில் வந்து விழுந்ததைத் தின்றுவிட்டுக் கை கழுவுவார்.

ஊரில் புதிதாகப் போர் அருங்காட்சியகம் திறந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை கடையை அடைத்துவிட்டு வந்து நின்றார். "மாமா, உங்க பீரங்கியெல்லாம் அங்க வெச்சிருக்காங்களாம். நீங்களே எங்களுக்கு விளக்கிச் சொல்லணும்."

பீரங்கிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் புடவை மாற்ற உள்ளே போய்விட்டாள்.

வாசலிலேயே இரண்டு பீரங்கிகள் நின்றன. "இது எவ்வளவு தூரம் சுடும் மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "எதிர்ல என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது," என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே நடந்தார் மாமனார்.

உள்ளே மூன்றாவது அறையில் நல்ல கூட்டம். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேல் தனியாக ஒரு விளக்கு. பெட்டியின் முன்னால் யாரோ பூங்கொத்து வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் இருந்தது உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு இரும்புத் தலைக்கவசம். பலகையில் இப்படி எழுதியிருந்தது:

"எதிரியின் குண்டுச் சிதறல்கள் சல்லடையாக்கிய தலைக்கவசம். விளிம்பில் காண்பது துப்பாக்கிக் கத்தியின் வெட்டு. இதை அணிந்து இறுதி மூச்சு வரை போரிட்ட மாவீரரின் பெயர் தெரியவில்லை."

பீரங்கிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த அமைதியான அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

கூட்டம் திரும்பியது. முறுக்கு மீசை வைத்த ஒருவர் முன்னால் வந்தார். "யோவ், மனுஷனா நீ? உன்ன மாதிரி ஆளுங்க வீட்ல குறட்டை விட்டுத் தூங்கணும்னுதான்யா அவர் உயிரக் குடுத்தாரு! ராணுவம்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"கொஞ்சம் தெரியும்," என்றார் பீரங்கிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆனா உயிரைக் குடுக்கல. நான்தான் அது."

மீசைக்காரர் காவலாளியைக் கூப்பிட்டார்.

காவலாளி அவர்களை அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடம் கூட்டிப்போனார். அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அவர் நாற்பது வயதுப் பெண்மணி. திறப்பு விழா வேலையில் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேசை மேல், சுவரில், கோப்பையில், சாவிக்கொத்தில் என எங்கு பார்த்தாலும் அந்தத் தலைக்கவசத்தின் படம்.

"உக்காருங்க ஐயா. எதுக்குச் சிரிச்சீங்க?"

"அது சோறு வடிக்கிறதும்மா."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை, "மாமா, வெயில்ல வந்தது..." என்று இழுத்தார்.

"வெயில் ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. மலைக்கு ஏறுற வழியில எங்க லாரி சாஞ்சு பாத்திரம் பாதி பள்ளத்துல போயிடுச்சு. வடிதட்டும் போச்சு. நூத்தி இருபது பேருக்குச் சோறாக்கணும், அண்டாவைச் சாய்க்கவும் முடியாது. சமையல்காரனுக்கும் தலைக்கவசம் குடுப்பாங்க. நான் அத ஒரு நாளும் போட்டதில்ல, அடுப்புக்கிட்ட தலை வெந்துடும். மெக்கானிக்கிட்ட குடுத்து ஓட்டை போடச் சொன்னேன். கட்டில் கம்பியை வெட்டிக் கைப்பிடி வெச்சோம். விளிம்புல இருக்கிறது கத்தி வெட்டு இல்ல, அந்தக் கைப்பிடி ஒடஞ்ச தழும்பு."

காப்பாட்சியர் பேனாவை மேசையில் வைத்தார். "ஆனா பதிவேட்டுல 'போரில் சேதமடைந்தது'ன்னு கேப்டனே கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"பின்ன என்ன எழுதுவாரு? அரசாங்கச் சொத்துல ஓட்டை போட்டா எங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவாங்க. அவரும் அந்தச் சோத்தைத்தானே தின்னாரு? யோசிச்சு யோசிச்சு அப்படி எழுதினாரு. பொய்யும் இல்ல பாருங்க, போர்லதான் சேதமாச்சு."

"ஆதாரம்?"

பீரங்கிக்காரர் ஒரு காகிதம் கேட்டு வாங்கினார். நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அதைச் சுற்றி எட்டு, அதற்கு வெளியே பன்னிரண்டு, அதற்கும் வெளியே இருபது. வெளி வட்டத்தில் ஒரு புள்ளியை மட்டும் வரிசையை விட்டுக் கட்டை விரல் அளவு தள்ளி வைத்தார். "மொத்தம் நாப்பத்தொண்ணு. இந்த ஒண்ணு போடும்போது மெக்கானிக் தும்மிட்டான். உள்பக்கம் என் நம்பரோட கடைசி மூணு எண் இருக்கும், அறுநூத்திப் பதினெட்டு."

காப்பாட்சியர் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு போனார். தலைக்கவசத்தோடு திரும்பி வந்து, விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"குண்டு இவ்வளவு ஒழுங்கா வட்டம் வட்டமாப் படுமான்னு எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு," என்றார். "தோணினத அப்படியே அமுக்கிட்டேன். அந்தப் பலகைல எழுதினது நான்தான்."

மாப்பிள்ளை மெதுவாக மாமியார் பக்கம் திரும்பினார். "அப்போ... பீரங்கி?"

"பீரங்கிக்காரங்களுக்கும்தானே சமைச்சுப் போட்டாரு?" என்றாள் மாமியார், அவர் முகத்தைப் பார்க்காமலே. "அவங்க என்ன பட்டினியா கெடந்து சுட்டாங்க?"

மாப்பிள்ளை, எத்தனை கட்டில் விற்றோம் என்று கணக்குப் போடுகிறவரைப் போல விட்டத்தைப் பார்த்தார்.

பீரங்கிக்காரருக்கு வந்த வேகத்திலேயே சிரிப்பு போயிருந்தது. "அம்மா, நீங்க பலகையை மாத்தணும்னு நான் சொல்லல. கோப்பைலகூடப் படம் அடிச்சிட்டீங்க. ஆனா செத்துப்போன ஆளுக்கு வெச்ச பூவை உசிரோட இருக்கிறவன் வாங்கிக்கக் கூடாது. அந்த மலைல நெஜமாவே பத்தொன்பது பேர் போனாங்க. அவங்க யாரும் பேர் தெரியாதவங்க இல்ல. எனக்குத் தெரியும்."

"பத்தொன்பது பேரோட பேருமா?"

"பேரும் தெரியும், என்ன சாப்பிடுவாங்கன்னும் தெரியும். சமையல்காரனுக்கு வேற எப்படி ஆளை ஞாபகம் இருக்கும்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தன் அடிபிடித்த சோற்றைச் சுரண்டிக் கொடுத்தால்தான் தின்பான், அவனுக்காகவே இவர் கொஞ்சம் அடிபிடிக்க விடுவார். ஒருத்தன் வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு இல்லை என்பான். நெட்டையன் ஒருத்தன் மென்றுகொண்டே தூங்கிவிடுவான், பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடித்து விழுங்கச் சொல்ல வேண்டும். இன்னொருத்தன் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குக் கடிதம் எழுதுவான்: 'இங்கே சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை.' எழுதியதை இவரிடமே உரக்கப் படித்துக் காட்டி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கேட்பான். இவரும் திருத்திக் கொடுப்பார்.

மேலே ஏறிய அன்று காலையில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உப்புக்காரன் மட்டும் அன்றைக்கு உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனான். என்னவோ போலிருந்தது என்றார் பீரங்கிக்காரர்.

காப்பாட்சியர் முதலில் பேனாவால் எழுதினார். பேனா போதவில்லை, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்தார். மாப்பிள்ளை எழுந்து போய் நான்கு டீ வாங்கி வந்தார். மாமனாருக்குக் கொடுக்கும்போது ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக் கொடுத்தார். பீரங்கிக் காலத்தில்கூட அவர் அப்படிக் கொடுத்ததில்லை.

ஒரு மாதத்தில் பலகை மாறியது. "சோறு வடிக்கும் வடிகட்டி. படையின் சமையற்காரர் தன் தலைக்கவசத்தில் செய்துகொண்டது. நாற்பத்தொரு ஓட்டை. இதில் வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மலையேறித் திரும்பாத பத்தொன்பது பேர்" என்று எழுதி, கீழே ஒவ்வொரு பெயரும், பெயருக்கு எதிரே ஒரு வரியும் இருந்தன. கோப்பைகளை மாற்றவில்லை. அவற்றில் எழுத்து எதுவும் இல்லாததால் பிழைத்தன.

வீட்டில் இனி மறைக்க எதுவும் இல்லை என்று ஆனதும், பீரங்கிக்காரர் அருங்காட்சியகம் போய்வந்த மறுநாளே சமையலறைக்குள் போனார். மனைவி வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டு, "பதினஞ்சு வருஷமா தட்டப் பாத்து நீங்க விட்ட பெருமூச்செல்லாம் எனக்குக் கேக்கலன்னு நெனச்சீங்களா?" என்றாள். அவர் அரிசியை அள்ளினார். கை பழைய பழக்கத்தில் ஒரு படைக்கே அள்ளியது. அன்று மதியம் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்று மாடியும் அவர் வீட்டுச் சோற்றைத்தான் தின்றது. கீழ்வீட்டுக்காரர் மூன்றாவது முறை வாங்கும்போது, "பீரங்கிப் படையில இதெல்லாமா சொல்லிக்குடுப்பாங்க?" என்று வியந்தார். எங்கே தொடங்கி விளக்குவது என்று தெரியாமல் மனைவி அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. ஞாயிறு காலைகளில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சோறு எப்படி வடிப்பது என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். தையல்காரி என்பது கழுத்தில் மறந்து தொங்கிக்கொண்டிருந்த அளவு நாடாவிலேயே தெரிந்தது. பலகையைப் படித்தார். பதினான்காவது பெயரில் விரலை வைத்தார். பிறகு நேராக இவரிடம் வந்தார்.

"யாருய்யா இத எழுதச் சொன்னது?"

"நான்தாம்மா."

"எங்க தம்பி அவன். பீட்ரூட்டை ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்னு எழுதியிருக்கு. நாக்கு கூசாம எப்படிய்யா சொன்ன? வீட்ல தட்டுல பீட்ரூட் பட்டாலே, சோறெல்லாம் செவந்துபோச்சுன்னு தட்டத் தள்ளிட்டு எழுந்துடுவான். வேற யாரையோ நெனச்சுக்கிட்டு எங்க தம்பி பேர்ல எழுதியிருக்க."

"இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்குமே?"

அந்த அம்மா நிறுத்தினார். "நான்தான் கதவச் சாத்தினேன்," என்றார். "அவன் பின்னாடி வந்தது தெரியல."

"அவரேதான். முதல் நாள் எங்கிட்டயும் தட்டத் தள்ளினாரும்மா. ரெண்டாம் நாளும் தள்ளினாரு. மேல வேற காய் எதுவும் வரல, மூட்டை மூட்டையா பீட்ரூட்டுதான். மூணாம் நாள் ஒரு வாய் தின்னாரு. நாலாம் நாள் அவரா வந்து தட்ட நீட்டினாரு. 'எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவா, அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு."

அம்மாவின் முகம் இரண்டு மூன்று விதமாக மாறியது. கடைசியில் கோபத்தில் வந்து நின்றது. "பாருய்யா! நான் தேங்காய் துருவிப் போட்டு, கடுகு தாளிச்சு, கெஞ்சிக் கெஞ்சிக் குடுத்தேன். அப்ப ஆகல. எவனோ மலை உச்சில பச்சத் தண்ணில வேக வெச்சுக் குடுத்தா தின்னானா?"

"வேக வெக்கல, சுட்டேன். தோலோட சாம்பல்ல போட்டு."

"சுட்டா?"

"இனிப்பா இருக்கும்."

"எனக்குத் தோணாமப் போச்சே," என்றார் அந்த அம்மா. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார். முப்பத்தைந்து வருடத்தில் தம்பியைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒரு செய்தி வந்தது அன்றைக்குத்தான்.

பீரங்கிக்காரர் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். அந்த அம்மா உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடியில் ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

"வேற என்னென்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். "ஒண்ணு விடாம சொல்லுங்க."