பின்சக்கரம்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. செய்து முடிக்காத ஒரு கணினி விளையாட்டில் ரயில் கோச்சி ஒன்று வளைவில் திரும்புவதைப் பார்த்தேன். பெட்டி தண்டவாளத்தின் மேல் ஒழுங்காகப் போனது. சக்கரங்கள் தண்டவாளத்துக்கு வெளியே, காற்றில் உருண்டன. சிரிக்க வேண்டிய காட்சி. எனக்குப் பயம் வந்தது.

2

முதல் தொடக்கம்: "கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் சயந்தன்—"

விட்டுவிட்டேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் கோச்சி தெரியாது. பயம் தூரத்தில் நின்றது.

ஆகவே வெள்ளவத்தை. மூன்றாம் மாடி. கீழே மரைன் டிரைவ், ஒரு மதில், தண்டவாளம், கடல். சயந்தன் விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறவன். ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற கோச்சியைத் திரைக்குள்ளும் ஓட்டப் பார்க்கிறான்.

பிழை அவனுடையதுதான். பெட்டியின் நடுவைத் தண்டவாளத்தில் வைத்து, சக்கரங்களைப் பெட்டியோடு ஒட்டியிருந்தான். அன்று பின்னேரம் திருத்தினான். முன்சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைத்தான். வளைவின் வழியே அளந்து பின்சக்கரத்தை வைத்தான். இரண்டின் மேலும் பெட்டியைக் கிடத்தினான்.

சக்கரங்கள் இப்போது தண்டவாளத்தை விடவில்லை. பெட்டியின் வயிறு விட்டது. வளைவின் உள்பக்கமாகப் பிதுங்கி வந்தது.*

அளவு பார்க்க அந்தப் பக்கம் ஒரு பெண் உருவத்தை நிறுத்தியிருந்தான். இதுவரை கோச்சி அவளைத் தொடாமல் போனது. இப்போது அவளுக்குள்ளால் போனது. உருவம் அசையவில்லை.

(* நிஜக் கோச்சியிலும் வயிறு இப்படித்தான் உள்பக்கம், இங்கே மதில் பக்கம், வரும். ஒரு சாண்கூட இராது. மதிலை ஒட்டி நடக்கிற ஒருத்திக்கு மிச்சமிருப்பதும் ஒரு சாண்தான்.)

3

ஹம்சிகாவை முதலில் அவனுடைய சிநேகிதியாக எழுதினேன். சிநேகிதி என்றால் கைவிடுவது எனக்குச் சுலபம். அதனாலேயே அவளைத் தங்கையாக்கினேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பஸ்ஸில் நசுங்க மனமில்லாமல் தண்டவாளத்தோரம் நடந்தே வீட்டுக்கு வருவாள். சயந்தன் போனில் அழைத்தான்.

"எங்க நிக்கிறாய்?"

"லைனில வாறன். வளைவுக்குக் கிட்ட. ஏன், குடை கொண்டு வரப்போறியோ?"

"எந்தப் பக்கம்?"

"மதில் பக்கம். கடல் பக்கம் கல்லெல்லாம் வழுக்குது."

"மற்றப் பக்கம் போ. வளைவில பெட்டி உள்ளுக்கு வரும்."

"உன்ர கேமில வரும், அண்ணா. இது கோச்சி. தண்டவாளத்திலதான் ஓடும்."

"சில்லுதான் தண்டவாளத்தில. பெட்டி இல்லை. சொல்றதைக் கேள்."

"சாப்பிட்டனியே? பசி வந்தா உனக்கு இப்பிடித்தான்." சிரித்தாள். "வை. பாட்டு கேக்கிறன்."

மறுபடி அழைத்தான். மணி போய்க்கொண்டேயிருந்தது.

4

அப்போது ஜன்னல் அதிர்ந்தது. தெகிவளைப் பக்கமிருந்து வந்த கோச்சி அவன் கண்முன்னால் ஹம்சிகா வரும் பக்கம், பம்பலப்பிட்டி நோக்கிப் போனது. படிகளில் ஆட்கள் தொங்கினார்கள். அவர்களுடைய முதுகுகளை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அவை இன்னுமொரு சாண். செருப்புப் போடாமல் படியிறங்கி ஓடினான். ஓடும்போது அவனுக்கு ஞாபகத்தில் இருந்தது தங்கையின் முகமல்ல, திரையில் அசையாமல் நின்ற அந்த—

(வேண்டாம்.)

முதல் முடிவு: எதிரே ஹம்சிகா நனைந்து வருகிறாள். "வெறுங்காலோட ஓடி வாறாய், விசரா" என்கிறாள். எழுதினேன். நான் நம்பவில்லை.

இரண்டாம் முடிவு: மதிலடியில் ஒரு பாட்டு மட்டும்

5

அந்த வரியை முடிக்கமாட்டேன்.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். முன்சக்கரத்தை மட்டும் வைத்தால் பெட்டி எங்கே கிடக்கும் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. முன்சக்கரம் வளைவில் ஏறிவிட்டது; அதை இனி என்னால் எடுக்க முடியாது. முடிவு என்கிற பின்சக்கரத்தை நான் வைக்கவில்லை. உங்களிடம் தருகிறேன்.

பாரமாகத்தான் இருக்கும். கீழே வைக்க முன் ஒரு தடவை பாருங்கள், அவள் எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று.