நடுவர் பொம்மையை அழுத்தியபோது

கரீமுல்லாவின் ராஜபாளையம் நாய்க்குக் காதோரம் ஒரு பழுப்புப் புள்ளி உண்டு. முழு வெள்ளையாக இல்லாதது ராஜபாளையமே அல்ல என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகச் சண்டை பிடித்தவன் நான். "கலப்படப் பால்" என்று கிண்டலும் செய்தேன். என் நாய் முத்துவின் உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. ஆனால் அதற்குக் காது கேட்காது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடையாறு நாய்க் கண்காட்சியில் இருவரும் அடுத்தடுத்து நின்றோம். நாய்கள் காதை நிமிர்த்துவதைப் பார்க்க, நடுவர் கீச்சென்று கத்தும் பொம்மையை அழுத்தினார். நான் முத்துவின் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அதே நொடியில் கரீமுல்லா தரையில் காலை ஓங்கித் தட்டினார். அந்த அதிர்வில் முத்து காதை நிமிர்த்தியது. முதல் பரிசுக் கோப்பை எங்களுக்குக் கிடைத்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"காலைல முத்துவ கூப்ட்டேன், திரும்பவே இல்ல. நீ வேற பயந்துகினு நின்னியா, மனசு கேக்கல நைனா."

"நான் உங்க நாயை அப்படியெல்லாம்..."

"வுடு. நம்ம கலப்படப் பாலும் இன்னிக்கி ரிங்க்ல நல்லாத்தான் ஓடுச்சு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் எங்கள் குழுவிலிருக்கும் மாம்பலம் ஸ்ரீஹரி ஓடிவந்தார். "சார், எங்க பொட்டைக்கு முத்துதான் ஜோடி!"

கரீமுல்லா குனிந்து தன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வேணாம் ஸ்ரீஹரி. முத்துவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. குட்டிகளுக்கும் வரலாம்" என்றேன்.

பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு நடுவரின் மேசைக்கு நடந்தேன்.