ஒற்றன் விட்ட ஒற்றுத்தாள்

செருப்புச் சத்தம் வாசல்படி ஏறிவிட்டது. சிவசாமி மை ஒற்றும் தாளை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, ஆஜர் புத்தகத்தைப் புரட்டுகிறவன்போல் குனிந்தான்.

"சாப்பிடப் போகலையாடா?" அச்சக முதலாளி அடைக்கப்பன் வழுக்கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். திருக்கோகர்ணத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் அரை மணிக்குள் திரும்புவார் என்று யார் கண்டது?

"காலையில கையெழுத்துப் போட்டேனான்னு சந்தேகம், மொதலாளி."

"போடு, போடு. இன்னும் எத்தனை நாளைக்கோ!"

அந்தச் சிரிப்பின் அர்த்தம் சிவசாமிக்குத் தெரியும். அச்சகத்துக்குள் 'நிழல்' என்ற பெயரில் ஓர் ஒற்றன் இருந்தான். டீக்கடையில் யார் அதிக நேரம் நின்றது, முதலாளியை யார் என்ன சொன்னது, எல்லாவற்றையும் எழுதி வாசலில் தொங்கும் பூட்டுப்பெட்டியில் போட்டுவிடுவான். சனிக்கிழமை காலையில் அடைக்கப்பன் பெட்டியைத் திறந்து எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார். கடிதத்தை மட்டும் யாரிடமும் காட்டமாட்டார். மூன்று தடவை பேர் வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். முதலாளியின் குறட்டையை நடித்துக் காட்டியதற்காகச் சிவசாமி பேர் இரண்டு தடவை வந்தாகிவிட்டது.

நாளை சனிக்கிழமை.

ஒரு மாதமாக அச்சகத்தில் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. ஏழு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று எழுத்துக் கோத்த ரெங்கசாமியும் சிவசாமியும்கூடச் சேர்ந்து டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வாசல் மேசையில் கிடக்கும் பேனாவும் மைக்கூடும் எல்லோருக்கும் பொது. நிழலும் அங்கேதான் எழுத வேண்டும், அங்கேதான் மையை ஒற்ற வேண்டும் என்பது சிவசாமியின் ஊகம்.

எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்த் தாளை விரித்தான். எல்லாம் வலது இடதாகத் திரும்பிக் கிடந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். பொழுதுக்கும் திரும்பிய ஈய எழுத்தையே படித்துக் கோக்கிறவனுக்கோ காலைப் பத்திரிகை மாதிரி.

மூன்றே வரி. படித்தவன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா, வலிப்பா?" என்று எட்டிப் பார்த்தார் ரெங்கசாமி.

"நாளைக்குச் சொல்றேண்ணே."

மாலையில் அச்சகத்துப் பழுப்பு உறை ஒன்று குறைந்தது.

காலையில், ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தல் நோட்டீஸ் கட்டுகளுக்கு நடுவே எல்லோரும் கைகட்டி நின்றார்கள். பெட்டி திறந்தது. உள்ளே இரண்டு உறை!

"ஆத்தீ, நெழலு இன்னைக்கு ரெட்டைப் புள்ள பெத்திருக்கு!" என்றாள் பைண்டிங் ராசாத்தி.

அடைக்கப்பன் விழித்தார். கைக்கு வந்ததைக் கிழித்து, சிவசாமியை முறைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"'வேலை நேரத்தில் தூங்குவது யார் தெரியுமா? தினம் மூன்று மணிக்குக் குறட்டை. பலகைத் தடுப்பே அதிர்கிறது. அவர் வேறு யாருமல்ல, நம் முத...'"

குரல் நின்றது. ராசாத்தி அவர் தோளுக்கு மேலே எக்கி மிச்சத்தைப் படித்தாள்: "'சிவசாமி நடித்ததில் பாதிச் சுருதிகூட இல்லை. இப்படிக்கு, நிழல்.'"

"இது நெழல் எழுதுனதில்ல!" அடைக்கப்பன் அலறினார். "கையெழுத்தே வேற!"

"நாங்க அவரு கையெழுத்தக் கண்டோமா, மொதலாளி?" சிவசாமி பணிவாகக் கையை நீட்டினான். "அந்த இன்னொண்ணக் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்."

அடைக்கப்பன் இரண்டாவது உறையை அவசரமாகச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"வேணாம், வேணாம்! ரெண்டும் அந்தப் பய எழுதுனதுதான். கிறுக்குப் பய. இன்னையோட அவன நிப்பாட்டிட்டேன். பெட்டியக் கழட்டுங்கடா!"

"அப்ப என் பேரு மூணாவது தடவ..."

"ஒண்ணுமில்ல! போய் வேலையப் பாரு!"

அவர் பலகைத் தடுப்புக்குப் பின்னால் மறைந்ததும் ரெங்கசாமி கிட்டே வந்தார்.

"நெழல நிப்பாட்டிட்டாராம். நாம பதினோரு பேரும் இங்கிட்டுத்தானேடா நிக்கிறோம்? வீட்டுக்குப் போனவன் யாரு?"

"டீ வாங்கித் தாங்கண்ணே, சொல்றேன்." சிவசாமி மடிப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

திரும்பிய எழுத்தைப் படிக்க ரெங்கசாமிக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை. 'மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு. சிவசாமி மூன்றாவது முறையும் குறட்டை நடித்தான், நீக்கிவிடவும். தங்கள் விசுவாசமுள்ள நிழல்.'

அந்த 'நிழல்' என்ற சொல்லில் ழகரத்தின் வால் கீழ்வரி தாண்டி நீண்டிருந்தது. ஏழு வருஷமாகப் புரூஃபிலும் துண்டுச் சீட்டிலும் இருவரும் பார்த்துச் சலித்த வால்.

அடைக்கப்பன், அடைக்கப்பனுக்கே எழுதிக்கொண்ட கடிதம்.