தலைவரின் இடது கை

முச்சந்தி முன்னேற்றச் சங்கத் தலைவர் டத்தோ இராமலிங்கத்துக்கு உடம்பு சரியில்லை என்று கிள்ளான் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது எதிரணி. மறுநாள் சங்கத் தேர்தல். ஆகவே, இலவச மருத்துவ முகாமைத் திறந்துவைத்த கையோடு, மேடையிலேயே இரத்த அழுத்தம் பார்த்து எண்ணை மைக்கில் அறிவிக்கும்படி தலைவர் உத்தரவிட்டார்.

கருவியோடு வந்தவள் தாதி மலர்.

"டத்தோ, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க. அப்பதான் ரீடிங் சரியா வரும்."

பதினெட்டு ஆண்டுகளில் தலைவர் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்ததாகச் சங்கக் குறிப்பேட்டில் பதிவில்லை. "பேசுறதுக்கும் பிரஷருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று தொடங்கியவர், சங்கக் கட்டட வரலாறுவரை போய்விட்டார். கருவி நூற்று அறுபத்தெட்டு காட்டியது.

"மிஷின் கெட்டுப்போச்சு லா மிஸி. வேற கொண்டு வாம்மா."

மலர் அந்தப் பக்கம் போனதும், தலைவர் செயலாளர் லோகனைக் கண்ணால் அழைத்தார். லோகன் ஒல்லி. ஒல்லியானவர்களுக்குப் பிரஷர் வராது என்பது சங்கத்தின் மருத்துவக் கொள்கை. தலைவர்மேல் குவிந்திருந்த ஏழு பொன்னாடைகளும் அன்றுதான் முதன்முறையாகப் பயன்பட்டன. நாற்காலிக்குப் பின்னால் குந்திய லோகனின் கை, தலைவரின் இடது கையாக அவற்றின் அடியிலிருந்து நீண்டது.

வேறு கருவியோடு திரும்பிய மலர், தலைவரின் விரல்களைப் போலன்றி ஒரு மோதிரம்கூட இல்லாத அந்தக் கையைப் பார்த்தாள். பட்டையைச் சுற்றினாள். மறுமுறையும் அளந்த பிறகே மைக்கை எடுத்தாள்.

"எரநூத்திப் பத்து, நூத்தி இருவது. இவரு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எதிரணி வரிசையில் ஒருவர் கைதட்டியேவிட்டார்.

தலைவர் துள்ளி எழுந்தார். "அது என் கை இல்ல!"

மைக் அதையும் விசுவாசமாக ஊருக்குச் சொன்னது.

பொன்னாடைகள் சரிந்தன. எழ முயன்ற லோகன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா தலைவலி மிஸி. தேர்தல் முடிஞ்சா சரியாயிடும்னு டத்தோதான் சொன்னாரு."

"பேசாதீங்க அண்ணே. டத்தோ, உங்க காடிய எடுக்கச் சொல்லுங்க."

தலைவரைத் தவிர யாரும் உட்காராத காரின் பின்சீட்டில் லோகன் ஏற்றப்பட்டார். முகாம் மருத்துவரும் கூடவே போனார்.

தலைவர் மேடையிலேயே இருந்தார். சொல்வதற்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. மலர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் கடந்திருந்தது. அவருடைய சொந்தக் கையில் பட்டையைக் கட்டினாள். நூற்று முப்பத்து நான்கு, எண்பத்திரண்டு.

"நல்லாத்தான் இருக்கு டத்தோ. மைக்ல சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார்.