ஏழாவது பெட்டி

கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம்கூட இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குப் படங்கள் எப்படித் தெரியும் என்று பார்க்க, அவளே ஒன்றில் உட்கார்ந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தன்னைத்தானே உருட்டிக்கொண்டு போனாள். நின்று பார்த்தால் தெரியாத விளக்கு வெளிச்சம், உட்கார்ந்து பார்த்தால் மூன்று படங்களின் கண்ணாடியில் பளீரென்று அடித்தது. "இன்னும் கொஞ்சம் கீழ திருப்புங்க," என்றாள். ஏணிமேல் நின்ற எலக்ட்ரீஷியன், "நீங்க நடந்துக்கிட்டிருந்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான் மேடம் இருந்துச்சு," என்று அலுத்துக்கொண்டார். அவளுக்கு இன்னும் தலைக்குமேல் வேலை கிடந்தது. பார்வையில்லாதவர்கள் யார் கையையும் பிடிக்காமல் வரட்டும் என்று, தரையில் மேடு வைத்த பட்டையை வாசலிலிருந்து ஒட்டியிருந்தாள். அது ஒவ்வொரு படத்தின் முன்னும் ஒரு சின்னப் பெட்டியில் போய் முடியும். தடவினால் தெரிகிற எண், ஒரு பொத்தான், ஒயரோடு இயர்போன். அமுக்கினால், படத்தில் என்ன இருக்கிறதென்று அவள் குரல் சொல்லும்.

சொல்லக் கற்றுக்கொடுத்தது அண்ணிதான். அண்ணிக்குப் பார்வை போய் நாலு வருஷமாகிறது. "அழகா இருக்குன்னு நீ முடிவு பண்ணாத. அங்க என்ன இருக்கோ அதச் சொல்லு, அழகா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்," என்பாள். பூசி மெழுகினால் அண்ணிக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பதிவையும் கேட்டு, திருத்தி, சில நாள் திட்டியும் தீர்த்தாள். ஏழாவதை மட்டும் கேட்கவில்லை. அது அண்ணன் வரைந்தது, அண்ணியையே வரைந்தது. "என் படத்த எனக்கு நீ சொல்லணுமா? உங்கண்ணன் எப்பவோ சொல்லிட்டாரு," என்று சிரித்துத் தள்ளிவிட்டாள். இவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

அண்ணன் வந்தான். தன் படம் நேராகத் தொங்குகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு விளையாட்டுப்போல ஏழாவது பொத்தானை அமுக்கி இயர்போனைக் காதில் வைத்தவன், பாதியிலேயே பிடுங்கினான். பேயறைந்த முகம்.

"இத மாத்து."

"ஏன்ணா?"

"அவகிட்ட நான் வேற சொல்லியிருக்கேன். ஜன்னலோரமா வெயில்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கற மாதிரின்னு."

படத்தில் ஜன்னலும் இல்லை, சிரிப்பும் இல்லை. சமையலறை வாசலில் ஒரு பெண். ஒரு கை கதவு நிலையைப் பற்றியிருக்கிறது, இன்னொரு கை காற்றில் துழாவுகிறது. காலடியில் கவிழ்ந்த பாத்திரம், தரையெல்லாம் தண்ணீர். யாரையோ கூப்பிடத் திறந்த வாய். கீழ் மூலையில், தண்ணீர் தொடாத இடத்தில், ஓர் ஆணின் வெறுங்கால். அண்ணி அந்த நாளை அடிக்கடி சொல்வாள். பார்வை போன புதிதில், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் தடுமாறிப் போனதை. "யாரும் பாக்கல, அது ஒண்ணுதான் ஆறுதல்," என்று முடிப்பாள். அந்தக் கால், அண்ணன் கற்பனையாகச் சேர்த்தது என்றுதான் இவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அன்னிக்கு நீ வீட்லதான் இருந்தியா?"

அண்ணன் தலையாட்டினான். "கையில பென்சில் இருந்துச்சு. கோடு போட ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் வாயத் திறக்க முடியல."

மறுபடி பதிவு செய்யலாம் என்று அவள் பின்னறைக்கு ஓடி, கதவைச் சாத்தி மைக்கை எடுத்தாள். 'ஜன்னலோரம் ஒரு பெண்' என்பதற்குமேல் குரல் வரவில்லை. மாற்றினால், அண்ணியோடு சேர்த்து வருகிற அத்தனை பேரையும் ஏமாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அண்ணன் வீடு என்னாகும்? பேசாமல் ஒயரைப் பிடுங்கிவிடுவோம், ரிப்பேர் என்று சொல்லிவிடுவோம் என்று வெளியே வந்தால், வாசல் திறந்தாகிவிட்டது. அண்ணி பட்டைமேல் கோலைத் தட்டிக்கொண்டு, யார் துணையுமில்லாமல், ஆறாவது பெட்டியிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, ஏழாவது ரிப்பேரு. எட்டுக்குப் போயிடலாம்."

"என்னோடதுலதான் ரிப்பேர் வரணுமா? இரு, என்னைப் பத்தி நீ என்னதான் சொல்லியிருக்கன்னு பாப்போம்." அண்ணியின் விரல் எண்ணைத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்தது. ரிப்பேர் எதுவுமில்லை. எல்லாம் வேலை செய்யும்படி இவளே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தாள்.

எந்த நொடியில் எந்த வாக்கியம் என்று அவளுக்கு மனப்பாடம். கதவு நிலை வந்தபோதும் அண்ணி முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. வேறு படமோ என்றுகூட நினைத்திருப்பாள். பாத்திரம் வந்தது, தண்ணீர் வந்தது. சிரிப்பு போய்விட்டது. கால் வந்ததும் அண்ணி அசையவில்லை. முடிந்ததும் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினாள்.

"உங்கண்ணன் இங்க இருக்காரா?" என்றாள்.

பக்கத்தில்தான் நின்றான். இல்லை என்று சொல்லச் சொல்லி இவளைப் பார்த்துக் கையாட்டினான். கண்ணில் அப்படியொரு கெஞ்சல். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அவனுக்காகப் பொய் சொன்னவள்தான்.

"இருக்காரு அண்ணி. உங்களுக்கு வலது பக்கம், ரெண்டடி தள்ளி. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறாரு."

அண்ணி ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். "நீங்களும் கேளுங்க," என்று வலது பக்கமாக நீட்டினாள். அண்ணன் கிட்டே வந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். ஒயர் எட்டாததால் அவன் குனிய வேண்டியிருந்தது. தான் வரைந்த படத்துக்கு முன்னால், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவன் கேட்கத் தொடங்கினான்.